கதவைத் திறந்து வச்சுக் கழுவுங்க

(நம் கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில் ‘பெண் விடுதலையில் ஆண்களின் பங்கு’ என்ற தலைப்பில் பேசியது. பேசினதைப் பேசின மாதிரியே எழுதிக் குடுத்திருக்கேன்.)



முதல்ல, பின்னாடி சுவரோரம் நின்னுட்டிருக்கிற அண்ணன்மாருங்களுக்கு ஒரு வார்த்தை. நாற்காலி காலியா இருக்கு, வந்து உட்காருங்க. வீட்டுக்காரம்மாவை வண்டியில கொண்டுவந்து விட்டுட்டு, விழா முடியிற வரைக்கும் கேட்டுக்கிட்டயே நிக்கிறது நம்ம பக்கத்து வழக்கமாப் போச்சு. இன்னைக்குத் தலைப்பே உங்களைப் பத்தினது. நீங்க வெளிய நின்னா நான் யாருகிட்டப் பேசுறது?

இந்தத் தலைப்பைத் தலைவி அக்கா என்கிட்டக் குடுத்தப்ப, குழுவுல எல்லாரும் சிரிச்சாங்க. “ஆம்பளைங்க பங்கா? கடன் வாங்குனா பாதிப் பங்கு அவங்களுதுதானே, அதைச் சொல்லிட்டு இறங்கிடு”ன்னாங்க. நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பார்த்தா, சிரிச்சுட்டு விடுற விஷயமா தெரியலை. ரெண்டு வாரமா படிச்சேன், கேட்டேன், யோசிச்சேன். எனக்குப் பட்டதைச் சொல்றேன். தப்பா இருந்தா கூட்டம் முடிஞ்சதும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

எங்க அம்மா ஊரு பொன்னேரி பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து நடக்கும். துகில் உரியிற கட்டம் வரும்போது பொம்பளைங்க பாதிப் பேருக்கு அருள் வந்துடும். மீதிப் பேரு வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுவாங்க. ஆனா திரௌபதியா நிக்கிறவரு ஆம்பளை. கூத்துல பொம்பளை வேஷம் கட்டுறது அந்தக் காலத்துல இருந்து ஆம்பளைங்கதான். எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படி வேஷம் கட்டுவாரு. சபையில நின்னு நியாயம் கேப்பாரு பாருங்க, கல்லும் கரையும். காலையில அரிதாரத்தைக் கலைச்சுட்டு வீட்டுக்கு வந்ததும், சுடுதண்ணி ரெடியா இல்லைன்னு பொண்டாட்டியை அடிப்பாரு. அந்த அக்கா எங்க அம்மாகிட்ட வந்து அழும். எனக்கு அப்ப எட்டு, ஒன்பது வயசு இருக்கும். ராத்திரி அவ்வளவு அழுதவருக்குக் காலையில எப்படிக் கை ஓங்க மனசு வந்துச்சுன்னு எனக்கு விளங்கவே இல்லை.

இப்ப யோசிச்சா, இந்தத் தலைப்பே அதுதான்னு தோணுது. பொம்பளைக்காக மேடையில பேசுன ஆம்பளைங்க, எழுதுன ஆம்பளைங்க, படம் எடுத்த ஆம்பளைங்க நம்ம நாட்டுல நிறைய பேர். அவங்களுக்கு நன்றி சொல்லணும். ஆனா வேஷம் கலைஞ்ச பிறகு என்ன நடந்துச்சுன்னும் கேக்கணும். ரெண்டையும் சேர்த்துத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு பாரதியார். பெண் விடுதலைன்னு சொன்னா ஸ்கூல் புள்ளைங்க கூட மீசையும் முண்டாசும்தான் வரையும். அவருக்கே அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்தது ஒரு பெண். நிவேதிதா அம்மையார் அவரைப் பார்த்து, உங்க மனைவியைக் கூட்டிட்டு வரலையான்னு கேட்டாங்களாம். அது அவரைச் சுட்டுச்சு. அந்த அம்மாவையே குருவா ஏத்துக்கிட்டு, தன் பாட்டுப் புஸ்தகங்களை அவங்களுக்குக் காணிக்கை ஆக்கினாரு. கேள்வி கேட்டதும் கோபப்படாம, கேட்டவங்களைக் குருவா வச்சுக்கிட்டாரே, அது பெரிய மனசு.

ஆனா செல்லம்மாவையும் நினைச்சுப் பார்க்கணும். புதுச்சேரியில இருந்தப்ப, சமைக்கிறதுக்குன்னு வச்சிருந்த அரிசியை எடுத்து அவரு குருவிங்களுக்கு இறைச்சுட்டாருன்னு எல்லாரும் பெருமையாச் சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுப்படியில நிக்கிற நமக்கு அடுத்த கேள்வி வருமே? அன்னைக்கு மத்தியானம் புள்ளைங்களுக்கு என்ன? மறுபடியும் அரிசிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? அவரு போன பிறகு, 1951ல திருச்சி ரேடியோவுல செல்லம்மா ‘என் கணவர்’னு தன் கணவரைப் பத்திப் பேசினாங்க. ஒரு கவிஞருக்குப் பொண்டாட்டியா இருந்தா எவ்வளவு கஷ்டம்னு அவங்க வாயாலயே ஊரு கேட்டுச்சு. பாரதியாரை நான் குறைச்சுச் சொல்லலை. அவரு கண்ட கனவுலதான் நான் இன்னைக்கு மைக் பிடிச்சு நிக்கிறேன். ஆனா அந்தக் கனவுக்குச் சோறு வடிச்சதும் ஒரு பெண்தான்னு சேர்த்துப் படிக்கணும்.

அடுத்தது பெரியார். 1929ல செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துல உரிமை வேணும்னு அங்க தீர்மானம் போட்டாங்க. அந்தக் காலத்துல அதைக் கேட்டுச் சிரிச்சவங்க எத்தனை பேரோ. அதுக்கு அறுபது வருஷம் கழிச்சு, 1989ல, தமிழ்நாட்டுல மகளுக்கும் பரம்பரைச் சொத்துல சம பங்குன்னு கலைஞர் ஆட்சியில சட்டம் வந்தது. இந்தியா முழுக்க அது வர்றதுக்கு 2005 ஆச்சு. இன்னொரு விஷயம் பாருங்க, அதே 1989லதான் தர்மபுரி மாவட்டத்துல நம்ம சுய உதவிக் குழு திட்டமும் தொடங்குச்சு. சொத்துல பங்கும் கையில சேமிப்பும் தமிழ்நாட்டுப் பொம்பளைக்கு ஒரே வருஷத்துல வந்திருக்கு.

அந்தப் பெரியாரும் தனியாளா நிக்கலை. கள்ளுக்கடை மறியல்ல அவரு மனைவி நாகம்மையும் தங்கச்சி கண்ணம்மாளும் முன்னாடி நின்னாங்க. மறியலை நிறுத்துறது ஈரோட்டுல இருக்கிற அந்த ரெண்டு பொம்பளைங்க கையிலதான் இருக்குன்னு காந்தியே சொன்னதாச் சொல்வாங்க. ‘பெரியார்’ங்கிற பேரை நாம இன்னைக்கு வாய் நிறையச் சொல்றோமே, அதை வச்சது யாரு? பெண்கள். 1938 நவம்பர் 13ஆம் தேதி, நம்ம சென்னையில, நீலாம்பிகை அம்மையார் தலைமையில நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுல தீர்மானம் போட்டு அந்தப் பேரைக் குடுத்தாங்க. ஒரு ஆம்பளை நமக்காகப் பேசினாரா இல்லையான்னு சர்டிபிகேட் குடுக்க வேண்டியது அவரு இல்லை, நாமதான். “நான் பொம்பளைங்களை மதிக்கிறவன்”னு ஒருத்தர் தானே சொல்லிக்கிட்டா போதாது. வீட்டுல இருக்கிற பொம்பளை சொல்லணும். அதோட, ஆம்பளைங்களால பொம்பளைக்கு விடுதலை வந்துடும்னு நம்பி உட்கார்ந்துடாதீங்கன்னு பூனையையும் எலியையும் உதாரணம் காட்டி எழுதினவரும் அதே பெரியார்தான். தன் இனத்தையே நம்பாதேன்னு சொன்ன மனுஷனைத்தான் நம்பத் தோணுது.

இப்ப நம்ம காலத்து ஆளு ஒருத்தர். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம். இவரை நம்ம குழுக்காரங்க மறக்கவே கூடாது. வெல்டிங் பட்டறை வேலை பார்த்தவர். 1998ல கல்யாணம். மனைவி மாசமாசம் பழைய துணியை ஒளிச்சு ஒளிச்சு எடுத்துட்டுப் போறதைப் பார்த்துட்டு, குறைஞ்ச விலையில நாப்கின் செய்யணும்னு கிளம்பினாரு. செஞ்சதை எப்படி இருக்குன்னு கேட்டா எந்தப் பொம்பளையும் வாயைத் திறக்கலை. வெக்கம். அதனால கால்பந்து பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்தி, தன் இடுப்புல கட்டிக்கிட்டுத் தானே நாப்கின் வச்சு நடந்து பார்த்தாரு. ஊரு பைத்தியம்னு சொல்லுச்சு. மனைவி பிரிஞ்சு போனாங்க, பெத்த தாயும் போயிட்டாங்க. அப்பவும் விடலை. மெஷின் செஞ்சு முடிச்சாரு. பிறகு மனைவியும் திரும்பி வந்தாங்க. 2016ல பத்மஸ்ரீ கிடைச்சது.

எனக்கு அதுல ரெண்டு விஷயம் பெருசாத் தெரியுது. ஒண்ணு, கூத்துல வேஷம் கட்டுறவரு ஒரு ராத்திரிக்குப் பொம்பளை. இவரு நம்ம கஷ்டத்தைத் தன் உடம்புல கட்டிக்கிட்டு ரோட்டுல நடந்தாரு. ரெண்டு, அந்த மெஷினைப் பெரிய கம்பெனிக்கு வித்திருந்தா கோடி கோடியா பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாம, நம்மளை மாதிரி மகளிர் குழுக்களுக்குக் குடுத்தாரு. செஞ்சு வித்து லாபம் பார்க்க வேண்டியது பெண்கள்னு ஒதுங்கி நின்னாரு. உதவியும் செஞ்சுட்டு ஒதுங்கியும் நிக்கிறது எல்லாருக்கும் வராது.

சினிமா பத்தியும் சொல்லணும், இல்லைன்னா தம்பிங்க கோவிச்சுக்குவாங்க. ‘அவள் அப்படித்தான்’னு ஒரு படம், 1978ல வந்தது, ருத்ரய்யா எடுத்தது. கமல், ரஜினி, ஸ்ரீபிரியா நடிச்ச கருப்பு வெள்ளைப் படம். கமல் பெண்களைப் பத்தி டாக்குமெண்டரி எடுக்க வர்றவரு. பெண் விடுதலை பத்தி நல்லாப் பேசுவாரு. ஸ்ரீபிரியா படுற காயமெல்லாம் அவருக்குப் புரியுது. கடைசியில கல்யாணம் பண்ணிக்கிட்டு வர்றது யாரைன்னா, அந்தப் பேச்சே தெரியாத ஒரு பொண்ணை. ஒரு ஆம்பளை டைரக்டர், தன்னை மாதிரி பெண்களைப் பத்திப் படம் எடுக்க வர்ற ஒரு ஆம்பளையையே கூண்டுல நிறுத்திக் கேள்வி கேட்டிருக்காரு. நாம கேக்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டுட்டாரு.

இன்னொண்ணு ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. 2021ல மலையாளத்துல ஜியோ பேபி எடுத்தது, 2023ல ஐஸ்வர்யா ராஜேஷ் நடிச்சுத் தமிழ்லயும் வந்தது. எங்க குழுவுல ஆறு பேர் சேர்ந்து போன்ல மலையாளத்துலயே பார்த்தோம். பாஷை புரியலை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. நறுக்குறா, அரைக்கிறா, வடிக்கிறா, துடைக்கிறா, கழுவுறா. தொட்டியில குழாய் ஒழுகுது, ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடச் சொன்னா புருஷன் மறந்துட்டேன்னு சொல்றான். படம் முடிஞ்சப்ப ஆறு பேருமே பேசலை. ஒரு அக்கா மட்டும், “இதை ஒரு ஆம்பளையா எடுத்தான்?”னு கேட்டாங்க. எடுக்க முடியும். பார்க்கணும்னு நினைச்சா ஆம்பளைக் கண்ணுக்கும் தெரியும். இத்தனை நாளா தெரியலைன்னு சொன்னது பார்க்காததுனால.

இதுக்குக் கணக்கே இருக்கு. 2019ல மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையை ஒரு நாள்ல 100 பெண்கள்ல 81 பேர் செய்யுறாங்க. 100 ஆண்கள்ல 26 பேர். செய்யுற பெண்கள் சராசரியா 299 நிமிஷம், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். செய்யுற ஆண்கள் 97 நிமிஷம். “நீ வீட்டுல சும்மாதானே இருக்கே”ன்னு இனி யாராவது சொன்னா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. 2023 ஜூன்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னாரு. புருஷன் வெளிநாட்டுல சம்பாதிச்சு வாங்கின சொத்து ஆனாலும், வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவியோட உழைப்பும் அதுல இருக்கு, அதனால அவங்களுக்கும் சம பங்குன்னு. அந்த வருஷம் செப்டம்பர்ல குடுக்க ஆரம்பிச்ச ஆயிரம் ரூபாய்க்கும் ‘உரிமைத் தொகை’ன்னுதான் பேரு வச்சாங்க. உதவித் தொகைன்னு வைக்கலை பாருங்க.

சரி, இப்ப நம்ம ஏரியாவுக்கு வர்றேன். 2023 டிசம்பர்ல புயல் மழைத் தண்ணியோட எண்ணெய் வந்துச்சே, மறந்திருக்க மாட்டீங்க. ஆத்துல இறங்கிக் கையால எண்ணெய் அள்ளுன நம்ம அண்ணன்மாரு படம் பேப்பர்ல வந்துச்சு. வர வேண்டியதுதான், அது உசுரைக் குடுத்துச் செஞ்ச வேலை. ஆனா வீட்டுக்குள்ள புகுந்த எண்ணெயைச் சுவத்துலயும் பாத்திரத்துலயும் புள்ளைங்க துணியிலயும் நாள் கணக்கா தேய்ச்ச பொம்பளைங்க படத்தை நான் அதிகமாப் பார்க்கலை. வீட்டுக்குள்ள செஞ்சா அது வேலையாத் தெரியறதில்லை.

அந்த எண்ணெயைப் பத்தி என் பொண்ணு ஒரு கானா எழுதுச்சு. ஒன்பதாவது படிக்குது. அதைப் பொங்கல் விழாவுல நம்ம தெரு மேடையில பாடணும்னு ஆசைப்பட்டுச்சு. வேண்டாம்னு சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? அவங்க அப்பா இல்லை. நான்தான்.

கானா நமக்குச் சொந்தம். சாவு வீட்டுல விடிய விடிய உட்கார்ந்து, மேசையிலயும் சட்டியிலயும் தாளம் தட்டி, செத்தவங்க பெருமையைப் பாடி, அழுறவங்களை ஆத்துற பாட்டு. ஆனா சுத்தி உட்கார்ந்து பாடுறது ஆம்பளைங்க. நாம உள்ள பொணத்தைக் கட்டிப் பிடிச்சு ஒப்பாரி வைப்போம், அவங்க வெளிய கானா பாடுவாங்க. இந்தக் காலத்துல காதல் தோல்விக் கானான்னா பொண்ணைத் திட்டுறதுன்னே ஆகிப்போச்சு. அந்தக் கூட்டத்து நடுவுல என் பொண்ணு நிக்கிறதா? “நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?”ன்னு நானே கத்தினேன்.

எங்க வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்குறாரு. வயசுல கானாவுக்கு டோலக் வாசிச்சவரு. “பாடட்டும் விடு. ராயபுரத்துப் பொண்ணு இசைவாணி பாடலையா?”ன்னு கேட்டாரு.

இசைவாணியை உங்களுக்குத் தெரியும். நம்ம வட சென்னைப் பொண்ணு. சின்ன வயசுலயே இசைக்காரரான அப்பாவோட மேடை ஏறிப் பாடினவங்க. டைரக்டர் பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’னு இசைக்குழு ஆரம்பிச்சு, 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி நடத்தினப்ப, அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல பாடின ஒரே பெண் அவங்கதான். 2020ல பிபிசி உலகத்துல இருந்து தேர்ந்தெடுத்த 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேரும் வந்தது. ஆம்பளைங்க பாட்டுன்னு சொன்ன கானாவுல ஒரு பொண்ணு பேர் வாங்கினாங்க. வழி விட்டது ஒரு அப்பாவும் ரெண்டு மூணு ஆம்பளைங்களும். ஆனா குரல் யாரோடது? கூட்டத்துக்கு முன்னால நின்னு, ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கிட்டுப் பாடினது யாரு? கதவைத் திறந்து விட்டவங்களுக்கு நன்றி சொல்வோம். நடந்து போனது அந்தப் பொண்ணோட காலுதான்.

எங்க கதைக்கு வர்றேன். எங்க வீட்டுக்காரர் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பொண்ணுக்குத் தாளம் சொல்லிக் குடுத்தாரு. விழா அன்னைக்கு மேடைக்குப் பக்கத்துல பசங்க, “எண்ணெய்ப் பாட்டெல்லாம் வேணாம்மா, கூட்டம் கலைஞ்சிடும். நாங்க பாடுறோம், நீ பின்பாட்டுக்கு நில்லு”ன்னு சொன்னாங்க. இவருக்குக் கோபம் வந்துடுச்சு. சட்டையை மடிச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போனாரு. அப்ப என் பொண்ணு அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, “அப்பா, நீ சும்மா இரு. நான் பேசிக்கிறேன்”னு சொல்லுச்சு. அவரு ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. அப்புறம் பின்னால வந்துட்டாரு. அந்த ரெண்டு அடி பின்னால வந்தது இருக்கே, அதைத்தான் நான் ஆம்பளைங்க பங்குன்னு சொல்றேன். சண்டை போட்டு ஜெயிச்சுக் குடுத்திருந்தா அது அப்பா வாங்கிக் குடுத்த மேடை. அந்தப் பொண்ணு பேசி வாங்குனதால அது அவளோட மேடை. பாடினா. கூட்டம் கலையலை. நம்ம அக்காமாரு பாதிப் பேரு அன்னைக்குக் கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க.

இத்தோட முடிச்சா நல்ல கதை. ஆனா வீட்டுக்கு வந்தோம். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கட்டில்ல உட்கார்ந்தாரு. ஊருக்கெல்லாம் போன் போட்டு, “என் பொண்ணு பாடிட்டா”ன்னு சொல்லிக்கிட்டே, தொண்டை கட்டிப்போய் நிக்கிற அந்தப் பொண்ணைப் பார்த்து, “அப்பாவுக்குத் தண்ணி எடுத்துட்டு வாம்மா”ன்னாரு. அதுவும் போய் எடுத்துட்டு வந்துச்சு. குடம் அவருக்கு நாலு அடி தூரத்துல இருக்கு. பொன்னேரித் திரௌபதி எனக்கு ஞாபகம் வந்துட்டாரு.

மறுநாள் மெதுவாச் சொன்னேன். “மேடையில விட்டீங்க, வீட்டுல விடலையே”ன்னு. அவரு பதில் சொல்லலை. அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு எழுந்து, தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவினாரு. என் பையனைக் கூப்பிட்டு, “உன் தட்டையும் எடுத்துட்டு வாடா”ன்னாரு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல முதல் தடவை. எங்க வீட்டுக் குழாயடி வாசலைப் பார்த்து இருக்கு. போறவங்க வர்றவங்களுக்குத் தெரியும். அவரு கழுவ உட்கார்ந்ததும் வாசக்கதவைச் சாத்திட்டாங்க.

சாத்தினது அவரு இல்லை. நான்.

எதிர்வீட்டு அக்கா பார்த்துட்டா என்ன சொல்லுவாங்க? புருஷனைப் பாத்திரம் கழுவ விடுறா, குழுவுக்குப் போய் ஆடுறான்னு சொல்ல மாட்டாங்களா? எங்க மாமியார் காதுக்குப் போனா? இதெல்லாம் நினைச்சு என் கை தானாக் கதவைச் சாத்துச்சு. ரெண்டு மாசமா இப்படித்தான் நடக்குது. அவரு கழுவுறாரு, நான் கதவைச் சாத்துறேன். நல்லது ஒண்ணு எங்க வீட்டுல திருட்டுத்தனமா நடக்குது. இதைப் பார்த்துத்தான் என் பையன் வளர்றான். தட்டுக் கழுவுறது வெக்கமான வேலைன்னு அவனுக்குக் கத்துக் குடுக்கிறது யாரு? அந்தக் கதவைச் சாத்துற கைதான்.

ஆகையால் சகோதரிகளே, ஆண்களின் பங்கைப் பத்திப் பேசுறப்ப நம்ம பங்கையும் பேசியாகணும். அடுத்த வீட்டு ஆம்பளை துணி காயப்போட்டா “பொண்டாட்டிதாசன்”னு சொல்லிச் சிரிக்கிறது நாமதான். பையனுக்கு முட்டையும் பொண்ணுக்கு விளக்குமாறும் எடுத்துக் குடுக்கிறதும் நாமதான். ஒருத்தர் மாற வர்றப்ப அவரை வெக்கப்பட வைக்காம இருக்கிறது நம்ம வேலை.

அண்ணன்மார்களே, உங்ககிட்ட நான் பெருசா ஒண்ணும் கேக்கலை. குழுக் கடன்ல கையெழுத்து எங்களுது. அந்தப் பணம் எதுக்குன்னு முடிவு பண்றதும் எங்களுதா இருக்கட்டும். தவணை தேதியில நீங்க வாங்குனதை நாங்க அடைக்கிற நிலைமை வேணாம். குழுக் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வைக்க முடியுது. அன்னைக்கு ஒரு நாள் உலை நீங்க வைங்க. சோறு குழைஞ்சாலும் பரவாயில்லை, குறை சொல்லாமச் சாப்பிடுறோம். நாங்க பேசுறப்ப எங்களுக்காக நீங்க பேசாதீங்க. பக்கத்துல நில்லுங்க. பாட்டோ பேச்சோ, பொம்பளையைக் கேவலமாச் சொல்றப்ப மட்டும் உங்க கூட்டத்துல நீங்க வாயைத் திறங்க. அங்க நாங்க வர முடியாது, நீங்கதான் இருக்கீங்க.

இதையெல்லாம் மேடையில சொல்லலாமான்னு எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. “தண்ணி கேட்டதையும் சொல்லுவியா?”ன்னாரு. சொல்லுவேன்னேன். “சரி சொல்லு, ஆனா கதவைச் சாத்தினது நீதான்னும் சொல்லிடு”ன்னாரு. சொல்லிட்டேன். அதோ, ரெண்டாவது தூண்கிட்ட நிக்கிறாரு.

இன்னைக்கு ராத்திரியில இருந்து எங்க வீட்டுக் கதவு திறந்திருக்கும். எதிர்வீட்டு அக்காவும் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க, பார்த்துக்கட்டும். நீங்களும் கதவைத் திறந்து வச்சுக் கழுவுங்க. நாங்களும் திறந்து வைக்கிறோம்.